அக்டோபரில் டாப்சிலிப் சிவக்காதுங்க: "இலையுதிர் கால டூர்" என்று கேட்டால் பணம் கட்டாதீர்கள்

ஆயுதபூஜை விடுமுறை நெருங்கினால் பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. மலை முழுக்கச் செவ்வரக்கும் மஞ்சளுமாக மரங்கள். "காஷ்மீர் எதுக்கு? ஆனைமலை தேசியப் பூங்காவுக்குள்ளேயே இலையுதிர் காலம்! காட்டுக்குள் காட்டேஜ், கிராஸ்ஹில்ஸ் ட்ரெக்கிங், நைட் சஃபாரி." தலைக்கு 6,500 ரூபாய். எங்கள் குடும்பமும் அண்ணன் குடும்பமும் சேர்ந்து கட்டினோம். அதில் சொன்ன ஒன்றுகூட நடக்கவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டோம். "ரூம் பூங்காவுக்குள்ளதானுங்களா? அம்மாவுக்கு மூட்டுவலி, ரொம்ப நடக்க முடியாது" என்றதற்கு, "டாப்சிலிப்லயேதானுங்க, ஃபாரஸ்ட் ரூமுங்க, வாசல்லயே மானு நிக்கும்" என்றார் விளம்பரம் போட்ட ஏஜென்ட். டாப்சிலிப் என்பது அந்தப் பூங்காவுக்குள் இருக்கிற வனத்துறை முகாம். ரசீது கேட்டபோது "வண்டில ஏறினதும் தந்தர்றனுங்க" என்றார். பணம் போனது ஒரு தனி ஆளின் ஜிபே நம்பருக்கு.

மலையடிவாரத்துச் சேத்துமடை வனத்துறை செக்போஸ்ட்டில் வண்டி நின்றது. வனக்காவலர் பதிவேட்டை எங்கள் பக்கமே திருப்பிக் காட்டினார். எங்கள் பெயரிலும் இல்லை, ஏஜென்ட் பெயரிலும் இல்லை. பொழுது சாயப்போகிறது, இனி மேலே விட முடியாது என்றார். அவர் மீது குறையே இல்லை. அம்மாவுக்கு உட்கார நாற்காலி கொடுத்தவரும் அவர்தான். டிரைவர் போனில் பேசிவிட்டு எங்களை ஆனைமலை ஊருக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்குக் கொண்டுபோனார். தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். மெத்தையை அமுக்கினால் ஈரம் கையில் ஒட்டியது. கக்கூஸ் வெளியே, வழியெல்லாம் சேறு. அந்த இருட்டில் அம்மாவை ஆளுக்கு ஒரு கை பிடித்துக் கூட்டிப்போனதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு அதே டிரைவர் "வால்பாறை ரோட்ல ஆனை பார்க்கலாமுங்க, தலைக்கு 800 எக்ஸ்ட்ரா" என்று வந்து நின்றார். இதுதான் அந்த நைட் சஃபாரி. இரவில் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி விலங்கு மேல் லைட் அடிப்பது குற்றம். மாட்டினால் வண்டியில் இருக்கிற நம் மேலும்தான் வழக்கு வரும். முடியாது என்று அனுப்பிவிட்டோம்.

மறுநாள் காலையில் நாங்களாகவே மேலே போய், டிக்கெட் எடுத்து வனத்துறை வேனில் சுற்றினோம். மழையில் காடு அத்தனை அழகு. ஆனால் முழுப் பச்சை. கூட வந்த காவலர் ஒரு இளம் தேக்கங்கொழுந்தைக் காட்டி, கீழே கிடந்த ஒன்றை எடுத்து அண்ணன் மகள் கையில் தேய்த்தார். உள்ளங்கை ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது. "ஐப்பசில இங்க இவ்வளவுதான் சாமி சிவப்பு" என்றார்.

விளம்பரத்தில் இருந்தது காஷ்மீரத்துச் சினார் மரம். இலை விரல் விரித்தாற்போல் இருக்கும். அங்கே பகல் குறுகிக் குளிர் இறங்கும்போது பச்சையம் சிதைந்து, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வாக்கில் மரமே தீயாக நிற்கும். நம் மலையில் இலையை உதிர்ப்பது குளிர் இல்லை, வறட்சி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. எந்த மரம் அப்போது இலையை உதிர்க்கும்? தேக்கு மொட்டையாக நிற்பதைப் பார்க்க மாசி வரவேண்டும். அப்போதுதான் இலவும் புரசும் பூக்கும், நாங்கு மரம் சிவக்கச் சிவக்கத் தளிர்விடும். நம்மூர்க் காட்டில் சிவப்பைத் துளிரில்தான் தேடவேண்டும். அதே மாதங்களில் காட்டுத்தீ பயமும் உண்டு, அதனால் மலையேற்றத்தை வனத்துறை நிறுத்திவைக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்த மலையேற்றக்காரர்களில் நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அனுமதி இல்லாத ஆளை நம்பி மாசி, பங்குனியில் காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது.

கிராஸ்ஹில்ஸ் என்பது தேசியப் பூங்காவின் உள்பகுதியில் இருக்கிற புல்வெளி மலை. ஏஜென்ட் பேக்கேஜ் போட்டு விற்கிற இடமே அல்ல. டாப்சிலிப் அறைகளை ஆனைமலை புலிகள் காப்பகத்திடமே நேரடியாகப் பதிவு செய்யலாம். மலையேற வேண்டுமானால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தைப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "இயற்கைக்கு நாங்க எப்படிங்க பொறுப்பு?" என்றார் ஏஜென்ட். இல்லாத அறைக்கு இயற்கை என்ன செய்யும்? அடுத்த நாளே எங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம்.

ஒரே ஆளிடம் ஏமாந்தவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனு போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதே சினார் படத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் விளம்பர ஸ்கிரீன்ஷாட், ஜிபே விவரம், ஏஜென்ட் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். தீபாவளி கழிந்ததும் மனு எழுத உட்காருகிறோம்.