மாங்காய் விலைப் பக்கத்தில் பிட்காயின் பேனர்: சில சீசன்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்காய் விலையும் ராயக்கோட்டைத் தக்காளி விலையும் போடுகிற தமிழ்த் தளம் ஒன்றை நடத்துகிறேன். 2021 முதல் அதில் கிரிப்டோ விளம்பர நெட்வொர்க்குகளை, அதாவது தளத்தில் பேனர் ஓட்டிவிட்டுக் காசைப் பிட்காயின் போன்ற காயினாகத் தருகிறவர்களை, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன். "காசு வருமா?" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரும். ஆனால் தமிழில் எழுதி, உள்ளூர் ஆட்கள் படிக்கிற தளமாக இருந்தால் மாதம் முழுக்க ஓடினாலும் ஒரு போன் ரீசார்ஜைத் தாண்டுவது பெரிய காரியம்.

கூகுள் ஆட்சென்ஸ் 2018-லேயே தமிழை ஏற்றுக்கொண்டதே, பிறகு எதற்கு இது என்று தோன்றலாம். ஆட்சென்ஸில் தளத்துக்கு அனுமதி கிடைக்க வேண்டும், முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் நம்பர் வர வேண்டும், 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும். என் மாதிரிச் சின்னத் தளத்தில் அந்த 100 டாலர் சேர்வதற்குள் ஒரு மாங்காய் சீசன் முடிந்து அடுத்ததில் பூ வைத்துவிடும். 2011-ல் தொடங்கிய ஏ-ஆட்ஸ் போன்ற கிரிப்டோ நெட்வொர்க்குகளில் பேர் ஊர் கேட்பதில்லை. காயின் வந்து சேர வேண்டிய வாலட்டின் (டிஜிட்டல் பணப்பை) முகவரியைக் கொடுத்து, அவர்கள் தரும் நாலு வரியைத் தளத்தில் ஒட்டினால் பேனர் ஓட ஆரம்பித்துவிடும். காயின்ஜில்லா, பிட்மீடியா வகையறா தளத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அவர்களுக்குக் கிரிப்டோவோ நிதியோ எழுதுகிற தளம் வேண்டும், செந்தூரா, பெங்களூரா என்று மாங்காய் ரகங்களின் விலை எழுதுகிற தளம் இல்லை.

படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் விளம்பரத்துக்கு நமக்குக் கிடைக்கிற ரேட். போச்சம்பள்ளிக்காரர் துபாயில் உட்கார்ந்து தன் தோப்புக்கு என்ன விலை போகிறது என்று பார்த்தால் ஒரு மதிப்பு; லீவில் ஊருக்கு வந்து அதே பக்கத்தைத் திறந்தால் அதில் கொஞ்சம்கூடத் தேறாது. இன்னொரு வேடிக்கை, நல்ல ரேட் கிடைக்கக்கூடிய வாசகர்கள்தான் விளம்பரத் தடுப்பானும் போட்டிருக்கிறார்கள். மண்டியில் நின்றுகொண்டு பார்க்கிற விவசாயியின் போனில் அதெல்லாம் கிடையாது, எல்லா பேனரும் அவருக்குத் தெரியும். அவருக்கு ரேட்தான் கிடையாது.

எனக்குக் கூட்டம் வருவது மே, ஜூனில். கிரிப்டோ விளம்பரத்துக்கும் ஒரு சீசன் உண்டு, அது சந்தை ஏறும்போது வரும். 2021 நவம்பரில் பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டபோது என் தளத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். 2022 மே மாதம் வரத்து சூடுபிடிக்கிற நேரத்தில் டெர்ரா-லூனா என்ற காயின்கள் விழுந்தன, விளம்பரம் கொடுப்பவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். அதே 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் திவாலானது. அதன்பிறகு பல நாள் என் பேனர் இடத்தில் நெட்வொர்க் தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொள்ளும் விளம்பரம்தான் ஓடியது. அதற்குச் சல்லிக்காசு கிடையாது.

காசு குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேனரில் என்ன வருகிறது என்பதுதான் பெரிய தலைவலி. பெயர்தான் கிரிப்டோ விளம்பரம், ஓடுவதில் பெரும்பங்கு பிட்காயினில் பந்தயம் கட்டுகிற கேசினோ. உறவுக்காரர் ஒருவர், கமிஷன் மண்டிக்குப் பெங்களூரா ஏற்றுகிறவர், ஒருநாள் போன் போட்டார். "ஏம்ப்பா, வெலை பாக்கலாம்னு தொறந்தா சீட்டாட்டம் வருது. எங்க வீட்ல புள்ளைங்க கையிலதான் போனு." "எடுத்துடறேங்க மாமா" என்று சொல்லிவிட்டுச் செட்டிங்ஸில் சூதாட்ட வகையை அணைத்தேன். வருமானம் பாதிக்கும் கீழே போனது. அதோடும் நிற்கவில்லை, 'இலவச காயின்' என்ற பெயரில் அதே கேசினோ வேறு வழியாக நுழைந்தது. நெட்வொர்க்குக்கு எழுதினால் பொதுவான பதில் ஒன்று வரும், இரண்டு நாள் நிற்கும், மறுபடி வரும்.

இது வெறும் கூச்சம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது, விளம்பரத்துக்கும் அதில் தடை உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். நெட்வொர்க்கின் முகவரி எந்தத் தீவிலோ இருக்கும், தளத்தின் முகவரி கிருஷ்ணகிரியில் இருக்கிறது. ரீசார்ஜ் காசுக்கு இந்த வம்பு எனக்கு வேண்டியதில்லை.

வந்த காயின் ரூபாயாவது தனிக் கதை. பிட்காயின் அனுப்பும் கட்டணம் தொகையைப் பார்ப்பதில்லை, பரிவர்த்தனையின் அளவைப் பார்க்கும். சின்னச் சின்னதாகப் பல தடவை சொந்த வாலட்டுக்கு வாங்கி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, காயினை விற்று ரூபாயாக்குகிற எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினால் பரிவர்த்தனை பெரிதாகிக் கட்டணம் ஏறிவிடும். 2024 ஏப்ரல் 20, ஹால்விங் (புதிதாக வெளிவரும் பிட்காயின் பாதியாகக் குறைவது) நடந்த அன்று கட்டணம் போன போக்கில் என் மொத்த இருப்பையே விழுங்கியிருக்கும். அதனால் நெட்வொர்க் கணக்கிலேயே சேரவிட்டு, கட்டணம் இறங்கிக் கிடக்கிற நாளாகப் பார்த்து ஒரே தடவையில் எடுப்பதுதான் என் வழக்கம். முன்பின் தெரியாத ஆளுக்கு நேரடியாக விற்று வங்கியில் பணம் வாங்குவதைத் தொடவே இல்லை. அவர் அனுப்பும் பணம் ஏதாவது மோசடியில் வந்ததாக இருந்தால் நம் கணக்கைத்தான் சைபர் கிரைம் முடக்கும்.

வரி விஷயத்தில் ஆடிட்டர் போட்டுக் கொடுத்த கணக்கு இது. 1,000 ரூபாய் மதிப்புள்ள காயின் வந்தால், வந்த அன்றே அது தொழில் வருமானம். பிறகு 1,300-க்கு விற்றால் மேற்கொண்டு வந்த 300-க்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். 700-க்கு விற்றால் நஷ்டம் 300-ஐ எதிலும் கழிக்க முடியாது, 1,000-க்கு உண்டான வரி அப்படியே நிற்கும். விற்கும்போது முன்கூட்டியே பிடிக்கிற வரியாக 1 சதவீதம் டி.டி.எஸ். வேறு, அதை ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எளிய படிவத்தில் போட முடியாது, ஐ.டி.ஆர். 3 போட வேண்டும். ஆடிட்டர் ஃபீஸ் என் கிரிப்டோ வருமானத்தைவிட அதிகம்.

ஆங்கிலத்தில் எழுதி, வெளிநாட்டு வாசகர்களை வைத்திருக்கிற, அதுவும் கிரிப்டோ பற்றியே எழுதுகிற ஒருவருக்கு இந்த நெட்வொர்க்குகள் நன்றாக வேலை செய்யும். ஓசூரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அப்படித்தான் சம்பாதிக்கிறார். என் தளத்தில் விலைப் பக்கங்கள் எல்லாவற்றிலிருந்தும் பேனரை எடுத்துவிட்டேன். மாங்கூழ் ஏற்றுமதி பற்றிய ஒரே ஆங்கிலப் பக்கத்தின் அடியில் மட்டும், ஒவ்வொரு விளம்பரத்தையும் நானே பார்த்து அனுமதிக்கிற வசதியுள்ள நெட்வொர்க்கில் ஒன்று ஓடுகிறது.

காலியான இடத்தைச் சந்தூர் நர்சரிக்காரர் ஒருவர் கன்று நடும் சீசனுக்கு எடுத்துக்கொண்டார். பணம் ஜிபேயில் முன்கூட்டியே வந்துவிட்டது. விளம்பரம் எத்தனை தடவை தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கெல்லாம் அவர் கேட்பதில்லை, தளத்தைப் பார்த்து எத்தனை பேர் போன் பண்ணினார்கள் என்று அவரே எண்ணிக்கொள்கிறார். தக்காளி நாற்று விற்கிறவர் ஒருவரும் ராயக்கோட்டை விலைப் பக்கத்தைக் கேட்டிருக்கிறார். மாதத்துக்கு எவ்வளவு என்பதுதான் இன்னும் படியவில்லை.