நீச்சல் குளத்தைச் சுற்றி கிரானைட்: சில கோடைகளுக்குப் பிறகு

குளத்து விளிம்பில் விரிசல் விட்ட ஓரக்கற்களை மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். வீட்டில் நீச்சல் குளம் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் போட்ட அதே கல்லையே நானும் போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குச் சொன்ன பதில் மற்றவர்களுக்கும் பயன்படும்.

எங்கள் வீடு கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தைத் தாண்டி இருக்கிறது. குளத்தைச் சுற்றி நடக்கும் தளம் முழுவதும் அடர்சாம்பல் நிற கிரானைட், ஃபிளேம் ஃபினிஷ். கல்லின் முகத்தைத் தீச்சுடரால் சுடும்போது அதிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் விரிந்து தெறிக்கும், மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். மேலே தடவிய பூச்சு இல்லை என்பதால் உரிந்து போகிற பேச்சே இல்லை. ஐப்பசி மழையில் தளம் முழுக்கத் தண்ணீர் ஓடியபோதும் எங்கள் வீட்டில் ஒருவர்கூட வழுக்கி விழுந்ததில்லை. உப்புக்காற்றுக்கு நிறம் மங்கவில்லை. குளத்து நீரின் பி.எச். (அமிலத்தன்மை) அளவை 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைத்திருக்க ஊற்றும் ஆசிட் சிந்தினாலும் தடம் விழுவதில்லை. பக்கத்து வீட்டில் போட்டிருப்பது கோட்டா கல். அது சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்ட இடமெல்லாம் அரித்து வெளிறிக் கிடக்கிறது.

இத்தனை நல்ல குணங்களும் காலை பத்து மணி வரைதான். சித்திரை, வைகாசியில் பதினோரு மணிக்கு மேல் இந்தத் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அடர்நிறம் வெயிலை முழுவதும் வாங்கிக்கொள்கிறது; தடித்த கல் அந்தச் சூட்டைத் தேக்கி வைத்துக்கொண்டு, வெயில் சாய்ந்த பிறகும் விடுவதில்லை. மரத்தைப் போலன்றி, கிரானைட் தன் வெப்பத்தைச் சட்டென்று காலுக்குக் கடத்திவிடும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். சற்று நேரத்தில் உலர்ந்து மறுபடியும் சுட்டது. தென்னைநார் விரிப்பு போட்டோம். ஈரம் ஊறி நாற்றமெடுத்தது. குடை வைத்தால் நிழல் நகர்ந்துகொண்டே போகிறது. எனக்குக் கோபம் வருவது ஒரே காரணத்தால்தான்: சூடு தாங்காமல் பிள்ளைகள் குளத்தோரத்தில் ஓடுகிறார்கள். வழுக்கக் கூடாது என்று தேடிப் பிடித்துப் போட்ட கல்லே, ஓடக் கூடாத இடத்தில் குழந்தையை ஓட வைக்கிறது. கோடை முழுவதும் இதே கவலை.

ஓரக்கல்லின் கதை வேறு. விளிம்பிலும் சொரசொரப்பான கல்லையே வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் நீச்சலுடை நூல் பிரியும்; ஏறும்போது முட்டி சிராய்க்கும். இப்போது விளிம்பை உருட்டி மழமழப்பாக்கிய கல்லை வைத்திருக்கிறோம். பழைய கல் விரிசல் விட்டதற்குக் கல் காரணமில்லை. குளத்தின் கான்கிரீட் தொட்டியும் வெளித்தளமும் தனித்தனியாக அசைபவை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ரப்பர்போல் இழுபடும் அடைப்புப் பசையால்தான் (சீலன்ட்) நிரப்ப வேண்டும். ஒப்பந்ததாரர் சிமென்ட்டை அடைத்துவிட்டுப் போயிருந்தார்.

டைல் போட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் ஆர்11 என்று சொல்லும் வழுக்காமைத் தரம், காலணியோடு எண்ணெய்த் தரையில் செய்யும் சோதனையில் கிடைப்பது. ஈரத்தில் வெறுங்காலோடு நடப்பதற்கு ஏ, பி, சி என்று தனி வகைப்பாடு உண்டு. குளத்தோரத்துக்கு அதைத்தான் கேட்க வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: இந்தக் கல்லைப் போடாதீர்கள். உழைப்பில் இதற்கு இணையில்லை என்று எழுதிய கையால்தான் இதையும் எழுதுகிறேன். வெளிர்நிற தோல்பூர் மணற்கல்லைப் பாருங்கள். அது தண்ணீரை உறிஞ்சும். மழைக்காலத்தில் பாசி படியும். நீர் உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் பூசிப் பராமரிக்க வேண்டும். ஆசிட்டைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. வேலை அதிகம்தான். இருந்தாலும் வெயில் நேரத்தில் பிள்ளைகள் அதன்மேல் நிதானமாக நடந்து வருவார்கள். கிரானைட்தான் வேண்டுமென்றால் இருப்பதிலேயே வெளிர்நிறமானதை எடுங்கள்.

எந்தக் கல்லானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு துண்டு வாங்கி வந்து, குளம் வரப்போகும் இடத்திலேயே காலையிலிருந்து வெயிலில் போட்டு வையுங்கள். மதியம் இரண்டு மணிக்குப் பாதியை நனைத்துவிட்டு, இரண்டு பாதியிலும் வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அதன் உள்ளங்கையையும் ஒரு நொடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.