கிருஷ்ணகிரியிலிருந்து ‘மேட்ச் பேக்கேஜ்’ போகிறவர்கள் படித்துவிட்டுப் பணம் கட்டவும்

ஐபிஎல் சீசன் வந்தால் போதும், கிருஷ்ணகிரி, தர்மபுரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடும். பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வேன், டிக்கெட், ராத்திரி சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். தோனி படம் பெரிதாக இருக்கும். நடத்துபவர் யார், ஆபீஸ் எங்கே என்பது மட்டும் இருக்காது.

2025 மே 3, சிஎஸ்கே-ஆர்சிபி ஆட்டம். நான், மச்சான், அக்கா பையன்கள் இரண்டு பேர். ஆளுக்கு 5,500 ரூபாய். பேக்கேஜ் நடத்திய ஏஜென்ட் பணம் வாங்கிய விதத்தை முதலில் சொல்ல வேண்டும். அட்வான்ஸை ஒரு நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார். டிக்கெட் காசுக்கு வேறு ஒருவர் பெயரில் இன்னொரு நம்பர். மீதியை வண்டி ஏறும்போது கையில் கொடுத்தால் போதும் என்றார். ரசீது கேட்டதற்கு, “நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள எதுக்குண்ணா ரசீது” என்று சிரித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பின்னால் புகார் எழுத உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, கொடுத்த பணத்தில் பாதிக்கு ஆதாரமே இல்லை, மீதிப் பாதி இரண்டு பேர் பெயரில் கிடக்கிறது.

வண்டி பதினோரு மணிக்கு ரவுண்டானா வரும் என்றார்கள். தர்மபுரி, காவேரிப்பட்டணம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வெள்ளை நம்பர் போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவானது. எங்கள் எல்லோருக்கும் மஞ்சள் சட்டை இருந்தது, வண்டிக்கு மட்டும் வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டு இல்லை. ஓசூர் தாண்டி கர்நாடக எல்லை நெருங்கும்போது டிரைவர் திரும்பி, “அத்திப்பள்ளியில யாராச்சும் நிறுத்திக் கேட்டா எல்லாரும் சொந்தக்காரங்க, கல்யாணத்துக்குப் போறோம்னு சொல்லிடுங்க” என்றார். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும்.

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டி, மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி ஆகப்போகிறது. டிக்கெட் அதுவரை வரவில்லை. கப்பன் சாலையில் இறங்கிய பிறகுதான் வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் வந்தன. நான்குமே ஸ்க்ரீன்ஷாட். வாங்கியவர் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டிய மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது. சீட் நம்பர் மேல் ஒரு மஞ்சள் இதயம் ஸ்டிக்கர். அழகுக்காக ஒட்டியது என்று சின்னவன் நினைத்தான். ஒரே டிக்கெட்டை இரண்டு பேருக்கு அனுப்புகிறவனுக்கு அந்த இதயம் எவ்வளவு உதவும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கேட்டில் பவர் பேங்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். சரி, அது விதி. அப்புறம் ஸ்கேன். பெரியவனுக்குப் பச்சை, சின்னவனுக்கும் பச்சை. என்னுடையதை வைத்ததும் மிஷினில் சிவப்பு. இன்னொரு முறை வைத்தாலும் சிவப்பு. ஸ்கேன் செய்த பையன் தமிழ்க்காரன்தான் போலிருக்கிறது, “இது ஏற்கெனவே உள்ள போயிடுச்சுண்ணா” என்றான். மச்சானுடையதும் அப்படியே. ஒரு க்யூஆரை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், முதலில் காட்டுகிறவர் மட்டும்தான் உள்ளே போக முடியும். பின்னால் வருகிறவரிடம் டிக்கெட் இருந்தும் இல்லாததுதான்.

பசங்களை உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் வெளியே நின்றோம். ஏஜென்ட் போனை எடுத்தார். “சர்வர் பிராப்ளம்ணா, பத்து நிமிஷம்” என்றார். அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். ரொமாரியோ ஷெப்பர்ட் 14 பந்தில் ஐம்பது அடித்ததையும், 17 வயது ஆயுஷ் மாத்ரே 94 எடுத்ததையும், சிஎஸ்கே இரண்டே ரன்னில் தோற்றதையும் பிளாட்பாரத்தில் நின்றபடி மச்சான் போனில் பார்த்தோம். உள்ளே கத்தியது முதலில் காதில் விழும், சிக்ஸர் பிறகுதான் போனில் வரும். 22,000 ரூபாய்க்கு அந்த அனுபவம்.

ஆட்டம் முடிந்தால் வேனைக் காணோம். டிரைவரைப் பிடித்தால், வேறு ட்ரிப் ஏற்றிவிட்டதாகவும், காத்திருந்ததற்கும் டோலுக்கும் நாங்கள்தான் இன்னும் பாக்கி என்றும் சொல்கிறார்! ராத்திரி சாப்பாட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, விடியும் நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தோம்.

அதே மைதானத்தின் கேட்டுகளுக்கு வெளியே அடுத்த மாதம், ஜூன் 4 அன்று நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். செய்தியைப் பார்த்தபோது, செல்லாத டிக்கெட்டோடு கேட்டில் முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் நாங்கள் நின்றதுதான் மனதில் ஓடியது.

ஆட்டம் பார்க்க வேண்டுமா, டிக்கெட்டை அணியின் அதிகாரபூர்வ தளத்தில் உங்கள் நம்பரில் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் டிவியில் பாருங்கள். வண்டியைத் தனியாகப் பேசுங்கள், மஞ்சள் போர்டா என்று பாருங்கள். நாலு பேர் என்றால் வண்டியே வேண்டாம். 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திராவில் மெட்ரோ ஓடுகிறது. ஓசூர் வழி பஸ்ஸில் அங்கே இறங்கி, ஆர்.வி. ரோட்டில் பச்சை லைன், மெஜஸ்டிக்கில் ஊதா லைன் மாறினால் கப்பன் பார்க் ஸ்டேஷன். மைதானம் நடக்கிற தூரம்தான்.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே ஆளிடம் ஏமாந்த பலர், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். அன்று அந்த வேனில் வந்த தர்மபுரி, காவேரிப்பட்டணம் நண்பர்கள் இதைப் பார்த்தால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் அந்த இதயம் ஒட்டிய டிக்கெட் படத்தையும் அழித்துவிடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துகள்தான் வேண்டும்.