மொறிஸ் மைனரோடு முப்பது வருடம்

அப்பா வாங்கிய 1958 மாடல் மொறிஸ் மைனர் கார் என் கைக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. "அண்ணை, இதை வாங்கி ஓடலாமோ?" என்று யாழ்ப்பாணத்தில் இன்னும் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பொனற்றைத் திறந்து பாருங்கள். எஞ்சினின் இரு பக்கமும் கையை விட்டு வேலை செய்யத் தாராளமாக இடம் இருக்கும். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் அகலமான எஞ்சினைத்தான் மனதில் வைத்திருந்தார். அது கைவிடப்பட்டது. 1948இல் கார் வெளிவந்தபோது உள்ளே இருந்தது பழைய 918 சிசி எஞ்சின். இடம் மட்டும் மிஞ்சியது, நமக்கு லாபம். 1952இல் வந்த 803 சிசி மேட்டில் மூச்சு வாங்கும். 1956இல் போட்ட 948 சிசிதான் என்னுடையது. 37 குதிரைவலு, நம் சமதரைக்குப் போதும்.

பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டைக்கும் ஒரு கதை உண்டு. கார் ஒடுங்கலாக இருக்கிறதென்று கடைசி நேரத்தில் மாதிரி வண்டியை நடுவால் வெட்டி, 4 அங்குலம் விலக்கி ஒட்டினாராம் இசிகோனிஸ். மொறிஸ் கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவோ இதை உடைத்து ஊற்றி அவித்த முட்டை என்று நக்கலடித்தார். அந்த முட்டை பதினாறு லட்சத்துக்கு மேல் விற்றது!

ராக் அன்ட் பினியன் ஸ்ரேறிங், அதாவது சிறு பற்சக்கரம் ஒரு பற்சட்டத்தை நேரே தள்ளிச் சில்லைத் திருப்பும் ஏற்பாடு. சொன்ன சொல் கேட்கும். அந்தக் காலத்து மலிவுக் கார்களில் இது அபூர்வம்.

போர் நடந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. கார்பரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். புகை, நாற்றம், பிளக்கில் கரி. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அடிக்கடி மாற்றாவிட்டால் பெயரிங் போய்விடும். ஆனாலும் ஓடியது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். முன் சில்லைத் தாங்கும் கீழ் மூட்டுக்குக் கிறீஸ் அடிக்க மறந்தால், அதன் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். எனக்கும் நடந்தது. ஒழுங்கை முகப்பில் மெல்லத் திரும்பும்போது சில்லு மடிந்து கார் முழங்கால் போட்டது. வேகமாகப் போயிருந்தால்? பிழை காரில் இல்லை, என் சோம்பலில். ஆனால் பிறேக் மாஸ்டர் சிலிண்டர், அதாவது மிதிக்கும்போது பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் பாகம், அதில் பிழை காரில்தான். அதை ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே ஒளித்து வைத்த புத்தி யாருடையதோ! கழற்றும் நாளில் மெக்கானிக்கின் வாயைக் கேட்கக் கூடாது.

வாங்குவதானால் காலையில் போய், திறப்பைத் திருப்பிக் காது கொடுங்கள். பெற்றோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து ஓயவேண்டும். சத்தமே இல்லையென்றால் ஸ்பனரால் ஒரு தட்டு. அப்புறமும் பேசாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.