"8 டன் ரெக்கவரி கிட்" வாங்கப் போகிறீர்களா? ஒரு வாளித் தண்ணீரும் வெர்னியரும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்

தோட்டத்துப் பாதையிலும் ஆற்று மணலிலும் பொலீரோ, தார், பிக்கப் ஓட்டுகிற எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள்.

கோயம்புத்தூரில் வண்டி ஆக்சஸரீஸ் விற்கும் கடை ஒன்றில் 7,400 ரூபாய்க்கு வாங்கிய, புதைந்த வண்டியை இழுத்து எடுக்கும் கிட் இது. 9 மீட்டர் கைனடிக் பெல்ட் ஒன்று, முக்கால் அங்குல போ ஷேக்கிள் (வில்லாக வளைந்த இரும்புக் கொளுவி, வாயில் குறுக்கே திருகும் ஆணிக்கு 'பின்' என்று பெயர்) இரண்டு, கையுறை, பை. பெல்ட்டில் "8 டன்" என்றும் ஷேக்கிளில் "4.75 டன்" என்றும் போட்டிருந்தது. "லாரியவே இழுக்குமுங்ணா, தைரியமா கொண்டு போங்க" என்றுதான் கடையில் சொன்னார்கள்.

ஆனைமலைப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த தென்னந்தோப்பில் பின் அச்சு வரை இறங்கிய பிக்கப்புக்கு இதை மாட்டினோம். முதல் இழுப்பிலேயே ஷேக்கிள் வளைவு இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு பக்கத்துத் தென்னையில் ஓர் அங்குல ஆழம் இறங்கியிருந்தது. தரையிலிருந்து ஐந்தடி உயரம், அதாவது டிரைவர் சீட்டில் இருப்பவரின் தலை மட்டம். பெல்ட் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி எல்லாரும் நின்றதால்தான் இது உயிர்ச்சேதச் செய்தியாகாமல் எச்சரிக்கைப் பதிவாக இருக்கிறது.

முதலில் பெல்ட். கைனடிக் இழுப்பின் சூட்சுமமே நைலான் நீள்வதில்தான். இழுக்கும் வண்டி ஒரு மீட்டர் தொய்வு விட்டு மெதுவாகக் கிளம்பும். பெல்ட் 20 சதவீதத்துக்கு மேல் நீண்டு, விசையைத் தனக்குள் சேர்த்து, புதைந்த வண்டியை மெத்தென்று உருவி எடுக்கும். நீளாத பெல்ட்டில் அந்த ஓட்டம் முழுவதும் ஒரே அதிர்ச்சியாக ஹூக்கிலும் ஷேக்கிளிலும் சேசிஸ் போல்ட்டிலும் இறங்கும். எங்களுக்கு வந்தது பாலியஸ்டர் பெல்ட். லாரியில் சரக்கு கட்டும் பட்டையின் அகலமான தம்பி, அவ்வளவுதான். நிதானமான நேர் இழுப்புக்கு அது நல்ல சாமான். ஓடி இழுப்பதற்கு அது எமன்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பெல்ட் ஓரத்திலிருந்து நாலைந்து நூல் உருவி வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், கடையை விட்டு இறங்கிவிடலாம். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும், அதனால் மூழ்கியது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. அடுத்தது நீட்டிப் பார்ப்பது. பெல்ட்டில் ஒரு மீட்டருக்கு இரண்டு சாக்பீஸ் கோடு போட்டு, கிரேன் உள்ள ஒர்க்‌ஷாப்பில் 1 டன் காஸ்டிங் (இரும்பை உருக்கி வார்த்த கட்டி) ஒன்றைத் தரையை விட்டு நாலு விரல் மட்டும் தூக்கி, கோடுகளுக்கு நடுவே டேப் பிடியுங்கள். 8 டன் நைலான் பெல்ட் என்றால் சுமார் 5, 6 சென்டிமீட்டர் கூடியிருக்கும். பாலியஸ்டர் 2, 3 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். எங்கள் பெல்ட் இரண்டையே எட்டவில்லை. இழுப்பதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். சரக்குத் தூக்கும் பட்டைகளில் லேபிள் நிறமே பொருளைச் சொல்லும்: நீலம் பாலியஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிப்ரொப்பிலீன். பட்டையின் நிறம் வேறு, லேபிளின் நிறம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டன் கணக்கிலும் ஏமாற்று உண்டு. பெல்ட்டில் போடும் 8 டன் அது அறுந்துபோகும் பளு. ஷேக்கிளில் போடும் 4.75 டன் தாராளமாக வேலை வாங்கக்கூடிய பளு, நல்ல ஷேக்கிள் அதைப் போல ஆறு மடங்கில்தான் உடையும். இரண்டையும் ஒரே கணக்காக வைத்து "ஷேக்கிளை விட பெல்ட் ஸ்ட்ராங்கு" என்று கடையில் பேசினால், அவருக்குச் சாமான் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியில் எடை குறைந்தது எதுவோ, சரக்கோடு அதன் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு பெல்ட் அறும் பளு இருக்க வேண்டும். சரக்கோடு 3 டன் வரும் பிக்கப்புக்கு 8 டன் நைலான் சரியான அளவுதான்.

ஷேக்கிளுக்குத் தடிமன் அளக்கும் வெர்னியர் போதும். முக்கால் அங்குல ஷேக்கிளில் உடம்பு 19 மில்லிமீட்டர், பின் ஆணி அதைவிடத் தடிமனாக 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எங்களுடையதில் உடம்பு 18.2, பின் 18.9. இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜிங்) ஷேக்கிளில் தயாரிப்பாளர் பெயர், அளவு, பளு, பேட்ச் குறி எல்லாம் உடம்போடு புடைத்து நிற்கும். இதில் பளுவை மட்டும் பெயின்ட்டில் அச்சடித்திருந்தார்கள், நகத்தில் சுரண்டியதும் வந்துவிட்டது. உடைந்த முகத்தை வெயிலில் பிடித்தால் கல்கண்டை உடைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் பொடிமணியாக மினுங்குகிறது. நல்ல ஃபோர்ஜிங் உடையும் முன் வளைந்து காட்டும். இது வளையவே இல்லை. தெருவுக்கொரு ஃபவுண்டரி இருக்கிற ஊரில் காஸ்டிங்கை ஃபோர்ஜிங் என்று விற்றிருக்கிறார்கள், அதுதான் ஆறவில்லை.

நல்ல ஷேக்கிளே கிடைத்தாலும், பின்னைக் கையால் முழுக்க முடுக்கிவிட்டுக் கால் சுற்று திருப்பி விடுங்கள், இல்லாவிட்டால் இழுத்தபின் கழற்ற வராது. இரண்டு பெல்ட்டை ஷேக்கிள் போட்டு ஒன்றாக்காதீர்கள், அறுந்தால் அந்த இரும்பு குண்டாகப் பறக்கும். டிரெய்லர் உருண்டையில் பெல்ட் மாட்டுவதும் அதே ஆபத்துதான்.

சரியான சாமான் கைக்கு வரும்வரை ஓடி இழுக்கவே வேண்டாம். சேறு சக்கர உயரத்துக்கு இருந்தால் வண்டி எடைக்குச் சமமான இழுவை வேண்டும், மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு. அதனால் மம்முட்டி வேலைதான் முதலில். சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி, வயிற்றுக்கு அடியில் ஒட்டிய மண்ணை எடுத்தாலே பாதி எடை குறைந்த மாதிரி. உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கரிசலில் இதைச் செய்யாமல் எதுவும் நகராது. காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், வெளியே வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். தென்னை மட்டையைச் சக்கரத்துக்குக் குறுக்கே, ஏணிப்படி போல நெருக்கி அடுக்கி, மேலே நனைந்த சாக்கு. நீளவாட்டில் போட்டால் வழுக்கும். டயர் சுழன்றால் மட்டை பின்னால் தெறிக்கும், அங்கே யாரும் நிற்கக் கூடாது.

டிராக்டர் வந்தால் சங்கிலியோ பாலியஸ்டர் பட்டையோ மாட்டி, தொய்வை முழுக்க எடுத்துவிட்டுப் பிறகு லோ கியரில் ஊர்ந்து இழுக்கச் சொல்லுங்கள். டிரெய்லர் மாட்டும் கீழ்க் கொக்கியில்தான் கட்ட வேண்டும். மேல் லிங்க்கில் கட்டினால் முன்சக்கரம் தூக்கி டிரைவர் மேலேயே கவிழும். செயின் பிளாக்குக்கு (கையால் சங்கிலி இழுத்துப் பளு நகர்த்தும் கப்பி) நங்கூரமாகத் தென்னையை எடுத்தால் அடிமரத்தை ஒட்டிச் சாக்கு சுற்றிக் கட்டுங்கள். கிணற்றுச் சுவரில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

திருப்பிக் கேட்டபோது "யூஸ் பண்ணீட்டீங்க, எடுக்க முடியாதுங்க" என்றார்கள். பில்லில் "கார் ஆக்சஸரீஸ்" என்று மட்டும் இருக்கிறது, அட்டையில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்பதும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

நீங்கள் வாங்கும்போது பில்லில் "நைலான், 9 மீட்டர், அறும் பளு 8 டன், ஷேக்கிள் ஃபோர்ஜிங், 4.75 டன்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம். ஏற்கெனவே உடைந்திருந்தால் துண்டுகளைத் தேய்க்காமல், எண்ணெய் போடாமல், காற்றுப் புகாத பையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு கட்டி வையுங்கள். உடைந்த முகம் துருவேறிவிட்டால் காஸ்டிங்கா ஃபோர்ஜிங்கா என்று பார்த்துச் சொல்வது லேப்காரருக்கே சிரமம்.