பழைய கம்பளத்தை முதலில் புரட்டிப் பாருங்கள்: 12 வருடப் பயன்பாட்டு அனுபவம்

நான் முதலில் வாங்கிய பழைய கம்பளம் இப்போது வீட்டில் இல்லை. 2011ல், அமீரகத்துக்குக் குடிபோன இரண்டாம் வருடம், ஒரு கடையில் விரித்துப் போட்டிருந்ததைப் பார்த்ததுமே பிடித்துப்போய் வாங்கிவிட்டேன். நல்ல சிவப்பு, நடுவில் கருநீலப் பதக்கம். நூறு வருடப் பழசு என்றார்கள். மூன்று மாதம் கழித்து மகள் அதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொட்டினாள். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். துணி முழுக்கச் சிவப்பு. காய்ந்ததும் பார்த்தால், தண்ணீர் பட்ட இடத்தில் கம்பளியே இல்லை, நீளவாக்கில் ஓடும் பாவு நூல் வெள்ளையாகத் தெரிந்தது. தேய்ந்துபோன இடங்களுக்கெல்லாம் மை தீட்டி விற்றிருக்கிறார்கள். திரும்பக் கொண்டுபோனபோது எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அந்த வருத்தம் ரொம்ப நாள் இருந்தது.

இப்போது இருப்பவை இரண்டு. ஒன்று பலூச், அதாவது பலூச் பழங்குடியினர் நெய்த கம்பளம், மூன்றடிக்கு ஐந்தடி, 2012ல் 900 திர்ஹாமுக்கு வாங்கியது. இன்னொன்று வடமேற்கு ஈரானில் சபலான் மலைப் பக்கம் இருக்கும் ஹெரிஸ் வட்டாரக் கம்பளம், எட்டடிக்குப் பத்தடி, 2014ல் 6,500 திர்ஹாம். இரண்டும் ஷார்ஜாவில் புளூ சூக் என்ற சந்தையின் மாடியில் வாங்கியவை. 2019ல் கோயம்புத்தூர் திரும்பியபோது கூடவே வந்தன. காட்சிக்கு வைக்கவில்லை. தினமும் அவற்றின் மேல்தான் நடக்கிறோம், உட்காருகிறோம், மகள் குப்புறப் படுத்துக்கொண்டு படிக்கிறாள்.

முதல் கம்பளத்தில் ஏமாந்த கதையைப் புளூ சூக்கில் ஒரு வயதான ஆப்கன் வியாபாரியிடம் சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல் அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்து, குப்புறப் போட்டார். "முகத்தை அப்புறம் பாருங்க பெஹன்ஜி, முதல்ல முதுகைப் பாருங்க" என்று இந்தியில் சொன்னார். அன்றைக்கு அவர் கடையில் எதுவும் வாங்கவில்லை. இரண்டு மணி நேரம் முதுகுகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மதியத்தில் கற்றது.

கையால் முடிச்சிட்ட கம்பளத்தின் பின்பக்கம், முன்பக்கத்தைவிடத் தெளிவாகப் பூவேலையைக் காட்டும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. வரிசைகள் லேசாக ஏறி இறங்கும், முடிச்சுகள் ஒன்று பருத்தும் ஒன்று சிறுத்தும் இருக்கும். மெஷின் கம்பளத்தில் எல்லாம் ஸ்கேல் வைத்து அடித்தமாதிரி இருக்கும். குஞ்சத்தைத் தனியாக வைத்துத் தைத்திருந்தால் மெஷினில் செய்ததாக இருக்கலாம், இல்லையென்றால் ஓரம் போய் ஒட்டுப்போட்டதாக இருக்கலாம். பாவு நூல்தான் இரண்டு முனையிலும் நீண்டு குஞ்சமாகத் தொங்க வேண்டும். ஒட்டுப்போட்டதில் தப்பில்லை. அதற்கேற்ற விலை சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அடுத்தது, பாவும், அதற்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலும் உயிரோடு இருக்கின்றனவா என்பது. எனக்கு வயதைவிட இதுதான் முக்கியம். ஈரத்தில் கிடந்த பருத்தி நூல் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும், மேலே கம்பளி பளபளவென்றே இருக்கும். கம்பளத்தை மடித்து, மடிப்பை மெதுவாக அழுத்திப் பாருங்கள், காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். சருகு நொறுங்குகிறமாதிரி சத்தம் வந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். தேய்ந்த கம்பளியோடு இருபது வருடம் வாழலாம். மக்கின பாவோடு இரண்டு வருடம்கூட ஓட்ட முடியாது.

சாயத்துக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் அரை நிமிடம் தேய்க்க வேண்டும். எந்த நிறமும் ஏறக் கூடாது. அப்புறம் கம்பளியை இரண்டு விரலால் பிரித்து அடிவரை பார்க்க வேண்டும். நுனி வெளுத்து, அடியில் கத்திரிப்பூ நிறமோ பளீர் ஆரஞ்சோ தெரிந்தால் அது தொடக்ககாலச் செயற்கைச் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம். பெர்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1856ல் அனிலின் என்னும் முதல் வகைச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு அந்தச் சாயங்கள் கம்பள ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பல வெயில் தாங்கவில்லை. மஞ்சிட்டி இனத்து வேரில் எடுத்த சிவப்பும் அவுரி நீலமும் அப்படி இல்லை, வெளுத்தாலும் ஒரே குடும்பமாக வெளுக்கும். பிரித்துப் பார்க்கும்போதே அடியில் தெரியும் பாவு நூலையும் கவனியுங்கள். அது நூலின் இயல்பான நிறத்தில் இருக்க வேண்டும். பாவுக்கே சிவப்பு ஏறியிருந்தால் அது பெரும்பாலும் என் முதல் கம்பளத்தின் கதைதான்.

நூறு வருடத்துக்கு மேற்பட்டதைத்தான் வியாபாரத்தில் ஆன்ட்டிக் என்பார்கள். அதற்குக் குறைந்ததை விண்டேஜ் என்பார்கள், அது ரப்பர் மாதிரி இழுபடும் வார்த்தை. சில கம்பளங்களில் ஹிஜ்ரி ஆண்டையே நெய்திருப்பார்கள். 1340 என்றால் நம் கணக்குக்கு 1921-22. ஆனால் அரபு எழுத்தில் 3க்கும் 2க்கும் ஒரு பல்தான் வித்தியாசம். சில முடிச்சுகளைப் பிடுங்கி வேறு நிறத்தில் போட்டால் 1340 என்பது 1240 ஆகிவிடும். அதனால் ஆண்டு இருந்தால் அந்த இடத்தையும் புரட்டிப் பார்ப்பேன். வயதுக்காக நான் கூடுதல் பணம் கொடுப்பதில்லை.

இனி பலூச்சைப் பற்றி. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். ஒட்டக நிறப் பின்னணியில் ஒரு மரம், இலைகள் எல்லாம் கோணமாக, சுற்றிலும் அடர் சிவப்பும் கருநீலமும் கரை. இலைகளைச் சுற்றிக் கரும்பழுப்பில் ஒரு கோடு ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் அந்தக் கோடு மட்டும் பள்ளமாகத் தட்டுப்படும். கறுப்பு, கரும்பழுப்புச் சாயம் ஏற்ற இரும்பு சேர்ப்பார்கள், அந்த இரும்பு காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும். சுற்றியிருக்கும் நிறங்கள் மேடாக நிற்க, கறுப்பு மட்டும் தாழ்ந்துபோகும். வாங்கும்போது இதைக் குறை என்று நினைத்து விலை பேசினேன். இன்றைக்கு அந்தக் கம்பளத்தில் நான் அடிக்கடி தொட்டுப் பார்க்கிற இடம் அதுதான். மேல் வலது மூலையில் கரைப் பூ பாதியில் வெட்டுப்படுகிறது, இடம் போதவில்லை. நெய்த பெண் அடுத்த மூலையில் பூவைக் கொஞ்சம் குறுக்கி அதைச் சரிசெய்ய முயன்றிருக்கிறாள். அவள் கணக்குப் போட்டது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

அது தொழுகை விரிப்பின் வடிவம். அதனால் வாசல்படி, சமையலறைப் பக்கம் எல்லாம் போடுவதில்லை. ஜன்னலோரம், உட்காரும் இடத்தில்தான் அதற்கு இடம்.

ஹெரிஸ் வாங்கும்போது பக்கத்திலேயே அதே விலைக்குச் சின்னதாக, ஈரானின் கோம் நகரத்துப் பட்டுக் கம்பளம் ஒன்று இருந்தது. கணவருக்கு அதுதான் பிடித்தது. அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நடக்கிற கூடத்துக்கு வாங்குகிறோம் என்பதால் ஹெரிஸைத் தேர்ந்தெடுத்தோம். எண்ணிப் பார்த்தபோது சதுர அங்குலத்துக்கு 50 முடிச்சுதான் இருந்தது, தடித்த கம்பளி, பருத்திப் பாவு. முடிச்சு எண்ணிக்கை கூடினால்தான் தரம் என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டுப் புழக்கத்துக்கு அது சரியான அளவுகோல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பத்து வருடத்துக்கு மேல் மிதிபட்டும் இந்தக் கம்பளம் கண்ணுக்குத் தெரிந்து தேயவில்லை. சிவப்பு ஓர் இடத்தில் பட்டையாகச் சட்டென்று மாறும், இதை அப்ராஷ் என்பார்கள். ஒரு முறை காய்ச்சிய சாயம் தீர்ந்து, அடுத்த முறை காய்ச்சியதில் நிறம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். சாயங்காலம் விளக்குப் போடும் முன் அந்தப் பட்டை தனியாக எழும்பித் தெரியும், பார்க்கவே நிறைவாக இருக்கும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. அடியில் கம்பளி ஃபெல்ட் ஒன்று போட்டிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுவோம், வெயிலும் நடையும் ஒரே பக்கம் விழாமல் இருக்க. வேக்குவம் போடும்போது சுழல் பிரஷ் வேண்டாம், குஞ்சத்தைப் பிடித்து இழுத்துவிடும். மேலே பூந்தொட்டி வைக்கவே வைக்காதீர்கள். தட்டு வைத்தாலும் அடியில் ஈரம் கோக்கும், நான் மேலே சொன்ன மக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இவ்வளவு தெரிந்தும் 2021ல் ஒரு தவறு செய்தேன். ஹெரிஸின் ஓர் ஓரம் திவானுக்கு அடியில் போயிருந்தது. அந்த இடத்தை எட்டு மாதம் தூக்கிப் பார்க்கவே இல்லை. ஒருநாள் திவானை நகர்த்தினால் உள்ளங்கை அகலத்துக்குக் கம்பளி காணோம். வெள்ளையாக நூலாம்படை மாதிரி குழல்கள், நடுவில் அரிசிபோல நெளிகிற புழுக்கள். அந்துப்பூச்சி. அதன் புழுவுக்குக் கம்பளிதான் சாப்பாடு, பருத்தியைத் தொடாது. அதனால் கம்பளி முழுதும் போன இடத்தில் பாவும் ஊடையும் மட்டும் சல்லடைமாதிரி அப்படியே நின்றன. தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இரண்டு பக்கமும் வேக்குவம் போட்டு, மொட்டை மாடியில் முகம் கீழே இருக்கும்படி இரண்டு நாள் வெயிலில் போட்டோம். பலூச்சில் பூச்சி தெரியவில்லை, ஆனால் அதன் பாவும் கம்பளி என்பதால் பயம் விடவில்லை. பாலிதீனில் சுற்றி ஒட்டி, தெரிந்தவர் கடையின் டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து எடுத்தோம். அந்துருண்டையை நம்பி விட்டுவிடாதீர்கள். அந்துப்பூச்சிக்கு வேண்டியது இருட்டும் ஆள் நடமாட்டம் இல்லாத இடமும். மாதம் ஒரு முறை தூக்கி உதறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வாங்கி வந்த புதிதில் விடுமுறைக்கு ஷார்ஜா வந்திருந்த அம்மா பலூச்சைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, யாரோ மிதிச்சதையா காசு குடுத்து வாங்கின?" என்று கேட்டார். அவர் கல்யாணத்துக்கு 1974ல் சீர்வரிசையாக வந்த பவானி ஜமக்காளம் இன்றும் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. மூன்று தலைமுறை மிதித்தது. குழி தறியில் நெய்த முரட்டுப் பருத்தி, பச்சையும் சிவப்பும் பட்டை பட்டையாக. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அந்துப்பூச்சி சீண்டாது, அழுக்கானால் துவைத்துக் கொடியில் போடலாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும், பந்திக்கும், குழந்தை தவழும் இடத்துக்கும் அதற்கு இணையாக எந்தப் பாரசீகக் கம்பளத்தையும் சொல்ல மாட்டேன். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. பழைய வீடுகளில் பரணில் மடித்துக் கிடக்கும், வாங்கப் போகும் முன் அங்கே ஒரு தடவை தேடுங்கள். எடுத்ததும் மடிப்புக் கோட்டைப் பாருங்கள், இற்றுப்போவது அங்கேதான் முதலில்.

ஹெரிஸில் புழு தின்ற இடத்துக்கு மறுபடி முடிச்சுப் போடலாம், பாவு நன்றாக இருப்பதால் முடியும் என்று பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். நிறம் ஒத்துவரும் பழைய கம்பளி நூலுக்காகக் காத்திருக்கிறோம். அதுவரை அந்த ஓரம் ஜன்னல் பக்கம், வெளிச்சம் விழும்படி கிடக்கிறது. வாரம் ஒரு தடவை தூக்கி அடியில் பார்த்துவிடுகிறேன்.