பெற்றோல் லைன் போட திருமலையில் போட் எஞ்சின் கடை: எதை வாங்கலாம், எதை விடலாம்

தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் கொண்டுபோகும் லைனுக்கு, கார் உதிரிப்பாகக் கடையில் கிடைக்காத நல்ல ஹோஸ் (ரப்பர் குழாய்) போட் எஞ்சின் கடையில் கிடைக்கும், ஆனால் அதை இறுக்கிற கிளிப்பை மட்டும் அங்கே வாங்காதீர்கள். அவசரமாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் கார் கட்டுகிற ஆட்கள் இந்தத் திருகோணமலையில் அதிகம் இல்லைதான், ஆனால் பழைய மொரிஸ் மைனரும் ஜீப்பும் வைத்துக்கொண்டு பெற்றோல் மணத்தோடு வாழ்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது பொருந்தும்.

என்னுடையது லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் அமைப்பில் சதுர இரும்புக் குழாய் ஒட்டிக் கட்டிய வண்டி. லைட்ஏஸ் வானில் வந்த டொயோட்டா 5கே எஞ்சின், 1486 சிசி, பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கக் காபரேட்டர். பெற்றோல் தாங்கி பின் அக்சிலுக்குப் பின்னால், பெற்றோல் பம்ப் எஞ்சினிலேயே. அதாவது பம்ப் முன்னால் இருந்துகொண்டு வண்டியின் முழு நீளத்துக்கும் பெற்றோலை உறிஞ்ச வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகிற பாதி விஷயம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஹோஸ். சாதாரண உதிரிப்பாகக் கடைகளில் "பெற்றோல் ஹோஸ்" என்று கேட்டால் கறுப்பு ரப்பர் ஒன்றை அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள், மேலே ஒரு எழுத்தும் இருக்காது. அதை நான் வாங்கமாட்டேன். நல்ல ஹோஸின் உடம்பில் அது என்ன தரம் என்று அச்சடித்திருப்பார்கள். எஸ்ஏஈ ஜே30 என்ற வாகன ஹோஸ் தரத்தில் ஆர்6 அல்லது ஆர்7 என்று இருந்தால் 50 பிஎஸ்ஐ அழுத்தம் வரை தாங்கும், காபரேட்டர் வண்டிக்கு ஏராளம், ஏனென்றால் எஞ்சினில் இருக்கிற பம்ப் தருவதே சில பிஎஸ்ஐ மட்டும்தான். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் கதை வேறு, பெற்றோலை அழுத்திப் பீய்ச்சுகிற வகை அது, லைனில் சாதாரணமாகவே 3 பார் அளவில், அதாவது 44 பிஎஸ்ஐ போல, அழுத்தம் நிற்கும், 50க்கு மிகப் பக்கம், ஆர்9 என்று எழுதியதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். மீன்பிடி வள்ளங்களில் காணும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயைச் சிலர் காரிலும் போடுகிறார்கள். பெற்றோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், உண்மைதான், ஆனால் அது நாளடைவில் விறைத்து, முனையில் வெடிக்கும்.

சரி, கடைக்கு வருவோம். உட்துறைமுக வீதிப் பக்கம், வெளியே பழைய அவுட்போர்ட் எஞ்சின் கவர்கள் தொங்குகிற கடை. பெயர் போடவில்லை, கடைக்கார நானாதான் (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) போடவேண்டாம் என்றார், கார்க்காரர்கள் வந்து நின்றால் வள்ளக்காரருக்குக் காத்திருக்க வேண்டி வருமாம். அந்தப் பக்கத்தில் இதே மாதிரி வேறு கடைகளும் உண்டு, நான் சொல்வதை வைத்து எந்தக் கடையிலும் கேட்கலாம். காருக்கு ஹோஸ் வேண்டும் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எக்ஸோஸ்ட் எந்தப் பக்கம் தம்பி?" கார்க் கடைகளில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. கே வகை எஞ்சினில் காபரேட்டரும் எக்ஸோஸ்ட்டும் ஒரே பக்கத்தில் இருக்கும், காபரேட்டர் வாயில் ஒரு துளி கசிந்தாலும் அது விழுகிற இடம் சூடான இரும்பு.

அவரிடம் இருப்பது போட்டுகளுக்கான ஹோஸ், ஐஎஸ்ஓ 7840 ஏ1 என்று சர்வதேசத் தர எண் நீளத்துக்கு அச்சடித்தது. அதில் "ஏ" என்றால் தீயில் இரண்டரை நிமிடம் தாங்கும் சோதனையில் தேறியது. "1" என்பது குழாய்ச் சுவர் வழியே ஆவியாகத் தப்பும் பெற்றோலின் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 100 கிராமுக்குள். ஏ1-15 என்று இருந்தால் இன்னும் நல்லது, 15 கிராம்தான். போட்டின் அடிவயிற்றில் ஆவி தேங்கினால் வெடிக்கும் என்பதால் வந்த தரம் இது, மூடிய ஷெட்டுக்குள் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அப்படியே பொருந்துகிறது. இதைப் போட்டதிலிருந்து என் ஷெட்டில் மணம் இல்லை. குறையும் உண்டு: சுவர் தடிப்பு, விறைப்பு, பம்புக்குப் பக்கத்தில் குறுகிய வளைவில் திரும்பாது, வலிந்து வளைத்தால் மடிந்துபோகும். விலையும் கார் ஹோஸைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு இது செய்ததல்ல என்பதையும் அவராகவே சொன்னார், விற்கிற மனிதர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

ஆனால் முழு நீளத்துக்கும் ரப்பர் ஓட்டக்கூடாது. இரண்டு முனையிலும் கொஞ்சம் ஹோஸ், நடுவில் உலோகக் குழாய், அதுதான் முறை. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து 8 மில்லிமீட்டர் செப்பு-நிக்கல் சுருள் எடுப்பித்தேன். நிக்கல் ஏறத்தாழ பத்து வீதம் கலந்த இந்தக் கலவையைக் கப்பல்களில் கடல்நீர்க் குழாய்க்கே போடுகிறார்கள், உப்புக் காற்றுக்கு அசையாது. குளிர்சாதனப்பெட்டி திருத்துகிறவர்கள் வைத்திருக்கும் வெறும் செப்புக் குழாய் மலிவுதான், ஆனால் எஞ்சின் அதிர்வில் விறைப்பேறி வெடிக்கக்கூடியது. சுருளை நானா கடையில் கொடுத்தேன். கையாலேயே வளைத்து, ஹோஸ் நழுவாமல் இருக்க முனையில் சின்ன மணி மாதிரி புடைப்பு எடுத்து, வெட்டின இடத்துச் சீவலை உள்ளுக்கும் வெளியிலும் சுத்தமாக எடுத்துத் தந்தார். கூலி நியாயமானது. வேலை தங்கம். ஒன்று மட்டும் கவனம், அங்கே இருக்கும், குழாய் வாயை விரிக்கிற பிளேரிங் கருவி 45 பாகைக்கானது. ரேசிங் சாமான் வாங்கி வைத்திருக்கிறவர்களின் பிட்டிங்குகள் (குழாயை மாட்டுகிற மூட்டுகள்) பெரும்பாலும் 37 பாகை. இரண்டையும் சேர்த்து இறுக்கினால் இறுகின மாதிரித்தான் இருக்கும், ஆனால் கசியும்.

குழாயை எந்த வழியாக எடுப்பது என்பதில் அவரும் நானும் கொஞ்சம் வாதாடினோம். வண்டித் தளத்தின் நடுவே ஓடுகிற சுரங்கத்துக்குள் விடச் சொன்னார், கல் அடிக்காது என்பது அவர் நியாயம். அங்கே எஞ்சின் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் புரொப் ஷாப்ட் சுழல்கிறது, அதன் ஜொயின்ட் ஒருநாள் விட்டுப்போனால் முதலில் வெட்டுவது பெற்றோல் குழாயைத்தான். அதனால் எக்ஸோஸ்ட் இல்லாத பக்கம், அடிச் சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி, தரையில் முட்டாத உயரத்தில் கொண்டுபோனேன். கடைசியில் அவரும் சரி என்றார். வெப்பத்தை இங்கே லேசாக நினைக்கக்கூடாது. கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால், குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டு நிற்கும். உறிஞ்சுகிற பக்கத்தில் ஒரு மூட்டு தளர்வாக இருந்தாலும் இதே தொல்லை, ஆனால் அங்கே பெற்றோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும், கீழே குனிந்து பார்த்தால் ஈரமே இருக்காது, நீங்கள் வீணாகக் காபரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். அதனால் லைன் முழுவதையும் பூட்டிய பிறகு, பெற்றோல் ஊற்றுமுன், ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கைப்பம்பால் கொஞ்சம் காற்றேற்றி, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். நானா தன் கைப்பம்பை இரவலாகத் தந்தார், காசு கேட்கவில்லை.

இனி முறைப்பாடு. கிளிப். "ஸ்டெயின்லெஸ்" என்று தந்த கிளிப்புகளில் பட்டி நல்லது, திருகாணி சாதாரண இரும்பு, மாரி முடியுமுன்பே துருப் பிடித்துவிட்டது. ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள், திருகாணியில் கப்பென்று ஒட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதோடு பட்டியில் ஓட்டை வெட்டிய வகை ரப்பரைத் தின்னும், உட்பக்கம் வழவழப்பாக இருக்கிற வகைதான் பெற்றோலுக்கு, அது கடையில் இல்லை. குழாயைச் சட்டத்தில் பிடிக்கிற, ரப்பர் போட்ட பி கிளிப்பும் இல்லை, வயர் பைப்புக்கு அடிக்கிற வெறும் தகர வளையத்தைக் காட்டினார்கள். என் வண்டியின் தளம் அலுமினியம், செப்புக் குழாய் நேராக அதில் தொட்டுக்கொண்டு உப்பீரமும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும், அதிர்வில் குழாயும் தேயும். இரண்டு வகைக் கிளிப்பும் கொழும்பிலிருந்துதான் வந்தன, முப்பது சென்ரிமீட்டருக்கு ஒன்று என்று அடித்திருக்கிறேன். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கிற ஊரில், எட்டு மில்லிமீட்டர்க் குழாயைப் பிடிக்க ஒரு கிளிப் இல்லை!

கடையில் நிற்கிற பொடியன் போட்டில் வருகிற, கையால் அமுக்கிப் பெற்றோல் ஏற்றுகிற ரப்பர்ப் பல்பையும் லைனில் போடச் சொல்வான். வேண்டாம், இன்னும் இரண்டு மூட்டு, இன்னும் இரண்டு கசிவு. தண்ணீர் பிரிக்கிற பில்டர் நல்ல சாமான், ஆனால் அது நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும், இவ்வளவு சின்ன வண்டியில் எனக்கு அது கிடைக்கவில்லை. தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் சாதாரண பில்டர் ஒன்று போட்டதோடு விட்டேன்.

காலையில் வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம் போனால் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது, பின்நேரம் போங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூட்டினால் இரண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பார். கார்ட் எடுக்கமாட்டார், காசுதான். குழாயின் ஒரு துண்டை அளவுக்குக் கையில் கொண்டு போங்கள், 8 மில்லிமீட்டரும் 5/16 அங்குலமும் அவருக்கு ஒன்றுதான், பெரும்பாலும் அது சரியாகவும் வந்துவிடும்.